கோமதிநாயகத்தின் மல்லிப் பாத்தி

காய்ச்சல் இறங்கியபோது கோமதிநாயகத்தின் வாசனையும் அதோடு சேர்ந்து இறங்கிப் போய்விட்டது.

முதலில் அவருக்கே அது தெரியவில்லை. படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்ததும் மனைவி உலகம்மாள் சூடாக ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். புளித்தது, உறைத்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"என்னளா, வெந்நீர்ல புளியக் கரைச்சுக் குடுத்திருக்க?"

உலகம்மாள் தம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பெருங்காயம், கொத்தமல்லி, எல்லாம் போட்டிருக்கேனே," என்றாள்.

கோமதிநாயகம் எழுந்து அடுப்படிக்குப் போனார். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தார். காப்பிப்பொடியை வைத்தார். ஏலக்காயை உடைத்து வைத்தார். கடைசியில் மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து வைத்தார். எல்லாமே ஒன்றுபோல் இருந்தது. வெறும் காற்று.

அவர் கல்யாணச் சமையல்காரர். அம்பாசமுத்திரத்துப் பக்கம் தவசுப்பிள்ளை என்பார்கள். சைவச் சமையல். பந்தியில் இலை விழுவதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் எச்சில் என்பது அவர் தகப்பனார் காலத்திலிருந்து வந்த கட்டுப்பாடு. அதனால் எல்லாவற்றுக்கும் மூக்குதான். கொதிக்கிற அண்டாவின் மேல் குனிந்து, ஆவியைக் கையால் முகத்துப் பக்கம் தள்ளி, ஒரு மூச்சு இழுப்பார். "இன்னும் ஒரு கை உப்பு," என்பார். அந்த ஒரு கை விழுந்த பிறகு யாரும் குறை சொன்னதில்லை.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சில பேருக்குத் திரும்பும். சில பேருக்குத் திரும்பாது," என்றார்.

"எனக்கு?"

"பார்ப்போம்."

பார்க்கிற பொறுமை கோமதிநாயகத்துக்கு இல்லை. ஒப்புக்கொண்டிருந்த ஒரு மறுவீட்டு விருந்துக்கு, யாரிடமும் எதையும் சொல்லாமல் போய் நின்றார். அந்தப் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதி. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காயும் வேக வைத்து, இஞ்சிச்சாறு விட்டு இறக்குவது. அவர் கை சொதிக்காகவே நாள் மாற்றி வைத்த வீடுகள் உண்டு.

அன்றைக்குப் பருப்பு அண்டாவின் அடியில் பிடித்தது. கூட வேலை பார்த்தவர்கள் இலை போடப் போயிருந்தார்கள். தீய்ந்த வாடை பந்தல் வரைக்கும் போனது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட மூக்கைச் சுளித்தார்கள். கோமதிநாயகம் மட்டும் அண்டாவின் மேலேயே குனிந்து நின்று, எப்போதும்போல் ஆவியை முகத்துப் பக்கம் தள்ளி ஒரு மூச்சு இழுத்து, "எடுத்துட்டுப் போங்க," என்றார்.

பந்தியில் யாரும் சத்தம் போடவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார், பிறகு மெதுவாக இலையை மடக்கினார். பக்கத்திலிருந்தவர் மடக்கினார். அந்த வரிசை முழுக்க மடங்கியது.

பெண்ணின் தகப்பனார் பின்கட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று கோமதிநாயகம் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை.

"உடம்புக்கு முடியலன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார். குரல் தணிந்திருந்தது.

அதன் பிறகு கோமதிநாயகம் கரண்டியைத் தொடவில்லை.

---

வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எதெல்லாம் போய்விட்டது என்று தெரிந்தது. மழை பெய்தது, மண் மணக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் குளித்த மாதிரி இல்லை. கோயிலுக்குப் போனால் திருநீறும் சுண்ணாம்புப் பொடியும் ஒன்றாக இருந்தன. உலகம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், யாரோ ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இதை அவர் அவளிடம் சொல்லவில்லை. யாருடைய கல்யாணத்தையோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவன்போல நாள் முழுக்க இருந்தார்.

உலகம்மாளுக்கு அவரை அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை. "கை சும்மா இருந்தா மனசு கெட்டுப்போகும். வீட்டுக்காவது சமையுங்க," என்று பிடிவாதம் பிடித்தாள். அவரும் சமைத்தார். அவள் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு," என்றாள். "அப்படியே பழைய கை," என்றாள்.

ஒரு நாள் அவர் ரசம் வைத்தார். பெருங்காயம் போடவில்லை. மல்லி போடவில்லை. சீரகம், மிளகு, கறிவேப்பிலை எதுவும் போடவில்லை. புளியும் உப்பும் மிளகாய்ப்பொடியும் மட்டும். இலையில் ஊற்றிவிட்டு எதிரில் நின்றார்.

உலகம்மாள் ஒரு வாய் வைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வீடே மணக்கு," என்றாள்.

கோமதிநாயகம் ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அன்றையிலிருந்து அவளோடு பேச்சும் குறைந்தது. போட்டதைத் தின்றார். பாதியில் எழுந்தார். தன் சாப்பாட்டைப் பார்த்து ஊரே இலையை மடக்கியதுகூடப் பரவாயில்லை, பெண்டாட்டி மடக்காமல் தின்றதுதான் அவரைத் தின்றது.

---

மேலத்தெருவில் பிரம்மசக்தி என்று ஒரு அம்மா இருந்தார். காவி கட்டியவர் இல்லை, குறி சொல்லுகிறவரும் இல்லை. தனியாக ஒரு வீட்டில் இருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பார். மனசு சரியில்லாதவர்கள் அவர் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். கேட்ட பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஆனாலும் போவார்கள். வயதில் கோமதிநாயகத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வருசம் இளையவர். அவரைக் கோமதிநாயகமும் மற்றவர்கள் போலவே அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு நாள் அவர் போனபோது அம்மா தையல் மெஷினில் இருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. கேள்விப்பட்டேன்."

கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்தார். வந்த வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்திருந்தார். ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது.

"எனக்கு வாசனை திரும்பி வருமா அம்மா?"

"தெரியாது."

மெஷின் ஓடியது. ஒரு சட்டைக்கை தைத்து முடித்துவிட்டு அம்மா நூலை அறுத்தார்.

"புறவாசல்ல கொஞ்சம் இடம் கெடக்கு," என்றார். "எனக்குக் குனிஞ்சு வேலை செய்ய முடியல. மல்லி, புதினா ஏதாவது போட்டுத் தாங்களேன்."

"எனக்கு நறுக்கத்தான் தெரியும். வளக்கத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. விதை வாங்கி வச்சிருக்கேன்."

இதில் ஏதோ வைத்தியம் இருக்கிறது என்று கோமதிநாயகம் நினைத்தார். வாசனைச் செடிகளோடு பழகப் பழக மூக்கு திறந்துகொள்ளும்போல. அம்மா சொல்லாமல் சொல்கிறார். மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு போய் நின்றார்.

---

புறவாசல் சின்னது. ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் துவைக்கிற கல், மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுக் கொய்யாக் கிளை. நடுவில் கட்டிதட்டிப்போன மண். கொத்தினார். ஆட்டுப்புழுக்கை வாங்கிப் போட்டார். பாத்தி பிரித்தார். பக்கத்து வீட்டுக்காரி மதில் வழியாக எட்டிப் பார்த்து, மல்லி விதையை அப்படியே போடக்கூடாது, செருப்புக்காலால் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். தேய்த்தார். விதைத்தார்.

எறும்பு அவ்வளவையும் தூக்கிக்கொண்டு போனது.

மறுபடியும் விதைத்தார். இந்த முறை முளைத்து, இரண்டு இலை விட்டு, சித்திரை வெயிலில் ஒரே மத்தியானத்தில் கருகியது. புதினாக் காம்புகளைச் சந்தையில் வாங்கிக் கிணற்றடி ஈரத்தில் ஊன்றினார். அது மட்டும் பிடித்துக்கொண்டது.

"எப்ப வரும் அம்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"மல்லியக் கேக்கீங்களா, மூக்கக் கேக்கீங்களா?"

"மூக்கத்தான்."

"மல்லி ஒரு வாரம் பத்து நாள்ல வந்துரும்," என்றார் அம்மா.

ஆனியில் சாரல் இறங்கியது. பழைய வேட்டியைப் பந்தல்போலக் கட்டி நிழல் கொடுத்து மூன்றாவது தடவை விதைத்தார். பாத்தி முழுக்கப் பச்சையாக எழுந்து நின்றது. கற்பூரவல்லி ஒரு மூலையில் தடித்தது. யாரோ கொடுத்த கறிவேப்பிலைக் கன்று வேர் பிடித்துத் துளிர்விட்டது.

காலையில் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. மல்லியில் ஒரு இலை கிள்ளுவார். உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார். இரண்டு கையாலும் மூக்கை மூடிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பிறகு கையைத் தொடையில் துடைத்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போவார். அம்மா இதை மெஷினிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

தெருப் பெண்கள் ஒரு பிடி மல்லிக்காக வர ஆரம்பித்தார்கள்.

"யம்மா, என்னமா மணக்கு! சந்தை மல்லியில இந்த வாசம் ஏது அண்ணாச்சி," என்று ஒருத்தி முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் தலையாட்டினார். அவள் போன பிறகு அவள் முகத்தில் இருந்த அந்தச் சந்தோசத்தை நினைத்துப் பார்த்தார். பசித்தவன் முன்னால் ஒருவன் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டதுபோல் இருந்தது.

---

ஒரு நாள் காலையில் மல்லிக்குப் பதில் புதினாவைக் கிள்ளிக் கசக்கினார். கையை மூக்கில் வைத்து இழுத்தார்.

உள்ளே என்னவோ ஓடியது. குளுகுளுவென்று நெற்றி வரைக்கும் ஏறியது.

அப்படியே நின்றார். இன்னொரு தடவை இழுத்தார். ஏறியது. மண்ணும் சகதியுமான காலோடு வீட்டுக்குள் ஓடினார்.

"அம்மா! வந்துட்டு! வாசனை வந்துட்டு!"

அம்மா மெஷினை நிறுத்தினார்.

"உக்காருங்க."

"புதினாம்மா! மூக்குல ஏறுது! உச்சி வரைக்கும் ஏறுது!"

"புதினா குளுமையா இருக்கும். அது வாசனையா இல்லாமலும் இருக்கலாம்."

"இல்லம்மா. எனக்குத் தெரியாதா? நாப்பது வருசம் இந்த மூக்கு வச்சுச் சோறு தின்னவன். வேணும்னா நீங்களே பரீட்ச வச்சுப் பாருங்க."

அம்மா சற்று நேரம் அவரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப் போகிறவர்போல் இருந்தது. பிறகு எழுந்து புறவாசலுக்குப் போனார். வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கண்ண மூடுங்க."

மூடினார். விரலால் இலையைக் கசக்குகிற சத்தம் கேட்டது. ஒரு கை மூக்கருகே வந்து நின்றது. இழுத்தார்.

"கற்பூரவல்லி."

கை போனது. மறுபடியும் கசக்குகிற சத்தம். கை வந்தது.

"கறிவேப்பிலை," என்றார். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மூன்றாவது முறை கை வந்து நின்றபோது அவர் உடனே சொல்லவில்லை. ஆழமாக இழுத்தார். மெதுவாக விட்டார். மறுபடி இழுத்தார். விடிகாலையில் கல்யாண வீட்டுக் கொட்டகையில் கட்டுக்கட்டாக மல்லி வந்து இறங்கும். ஈரச் சாக்கை விரித்து அதைக் கொட்டுவார்கள். அந்தக் கொட்டகை அப்படியே அவர் முன்னால் வந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"மல்லி," என்றார். "இது மல்லிதான் அம்மா. சத்தியமா மல்லி."

"கண்ணத் திறங்க."

திறந்தார்.

அம்மாவின் கையில் ஒன்றும் இல்லை. விரல்கள் விரிந்திருந்தன. மடியில் இரண்டு இலைகள் கிடந்தன. அவர் கற்பூரவல்லி என்றது கறிவேப்பிலை. கறிவேப்பிலை என்றது கொய்யா இலை. மூன்றாவதற்கு இலையே இல்லை.

கோமதிநாயகம் அந்த வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் எழுந்து புறவாசலுக்குப் போனார்.

முதலில் மல்லிப் பாத்தியில் இறங்கினார். மல்லி லேசாக வந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிடுங்கிப் பின்னால் எறிந்தார். பிறகு புதினா. அது மண்ணுக்குள்ளேயே கொடி ஓடியிருந்தது, இழுக்க இழுக்க நீளமாக வந்தது. விடாமல் இழுத்தார். கற்பூரவல்லியைக் காலால் மிதித்தார். பந்தலாகக் கட்டியிருந்த வேட்டியைக் கிழித்தார். கறிவேப்பிலைக் கன்றை வளைத்துப் பார்த்தார். ஒடியவில்லை. வேரோடு பறித்தார். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது.

அம்மா கதவருகே நின்றார். தடுக்கவில்லை.

பிடுங்குவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போனபோது அவர் சகதியில் உட்கார்ந்தார். மார்பு ஏறி ஏறி இறங்கியது.

"உங்க தோட்டத்த அழிச்சிட்டேன்," என்றார்.

"ஆமா," என்றார் அம்மா.

---

அம்மா ஒரு முறத்தை எடுத்துவந்து, சிதறிக் கிடந்ததையெல்லாம் பொறுக்கிப் போட்டார். பாதியில் நிமிர்ந்து பார்த்தார்.

"வெயிலேறினா வாடிப்போயிரும் அண்ணாச்சி. துவையல் அரைச்சிருவோமா?"

"அரைங்க."

"நீங்க அரைங்க. எனக்குக் கை வலிக்கு."

"எனக்கு என்னத்தத் தெரியும் அம்மா? நான் அரைச்சா அது துவையலா, சாணியான்னுகூட எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்லா."

அவர் வெகுநேரம் எழவில்லை. அம்மா மல்லியைக் கழுவ ஆரம்பித்தார். வேரில் ஒட்டிய மண்ணைச் சரியாகப் போக்காமல் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. எழுந்து வந்து அந்தச் சட்டியை வாங்கிக்கொண்டார்.

உளுந்தையும் மிளகாய் வற்றலையும் நிறம் பார்த்து வறுத்தார். அம்மியில் வைத்து அரைத்தார். ஒரு உருண்டை எடுத்து நீட்டினார். அம்மா வாயில் வைத்தார்.

"பெருங்காயம் தூக்கலா இருக்கு. புதினா மல்லிய அமுக்குது."

இன்னும் ஒரு கைப்பிடி மல்லியை வைத்து அரைத்தார்.

"இப்போ?"

"இப்பவும் புதினாதான் முன்னால நிக்கி."

மறுபடியும் வைத்து அரைத்தார்.

"இப்போ?"

"கொஞ்சம் சரியாயிட்டு. முழுசா சரியாகல."

கோமதிநாயகம் அம்மியின் மேல் கையை ஊன்றி நின்றார்.

"சும்மா எனக்காகச் சொல்லலயே? மல்லியே போடாத ரசத்த வீடே மணக்குன்னு சொன்னவ உலகம்மா."

"வெறுங்கைய நீட்டுனவ, உங்களுக்காகவா சொல்லப் போறேன்?"

அம்மா இலை போட்டார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவருக்கு உப்பும் புளிப்பும் தெரிந்தன. திப்பி நாக்கில் நெருடியது. மற்றதெல்லாம் எதிரிலிருந்தவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கை கழுவிய பிறகு அவர் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லாத கையில மல்லி மணக்குன்னு சொன்னேனே. பொய் சொல்லணும்னு சொல்லல. ஏன் அப்படிச் சொன்னேன் அம்மா?"

"உலகம்மா ஏன் சொன்னா?" என்றார் அம்மா.

மிச்சத் துவையலை அம்மா ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிக் கையில் கொடுத்தார். கோமதிநாயகம் வாங்கிக்கொண்டு நடந்தார்.

---

சாயங்காலம் உலகம்மாள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். இத்தனை பக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு ரசத்துல நான் பெருங்காயம் போடல," என்றார். "மல்லியும் போடல. ஒண்ணுமே போடல."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாயில வச்சதும் தெரிஞ்சிட்டு. வெறும் புளித்தண்ணி."

"அப்போ ஏன்ளா வீடே மணக்குன்னு சொன்ன?"

உலகம்மாள் அரிசியை விரலால் அளைந்தாள்.

"நீங்க என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னீங்க. என்னத்தச் சொல்லச் சொல்லுதீங்க?" என்றாள். "அத்தன நாள் கழிச்சு அன்னிக்குத்தான் நிமிர்ந்து பாத்தீங்க."

அவர் கிண்ணத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதைச் சொல்வது என்று தேடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"உள்ளதச் சொல்லு."

"புதினா தூக்கல்," என்றாள் உலகம்மாள் பயந்துகொண்டே.

கோமதிநாயகம் தலையசைத்தார். அந்த அம்மா சொன்னதையே இவளும் சொல்கிறாள். அப்படியானால் அது அப்படித்தான். எங்கோ ஒரு இடத்தில் மல்லி மல்லியாகவே மணந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் இல்லாமல்.

"உலகம்மா, மல்லி வாசனை எப்படி இருக்கும்? எனக்குச் சொல்லேன்."

"அதுவா? பச்சையா..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "எலுமிச்ச மாதிரி... இல்ல, அது வேற. ஒரு மாதிரி ஈரமா, காரமா..." கிண்ணத்தை எடுத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குச் சொல்லத் தெரியலயே. இந்தா இங்கதான் இருக்கு. எனக்குச் சொல்லத் தெரியலயேங்க."

"பரவால்ல," என்றார் அவர். "அழாத."

அவள் அழுதாள். அவரும் அழுதார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்தபோது ஒன்றும் மாறியிருக்கவில்லை. அவள் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

---

மறுநாள் காலையில் எங்கே போவது என்று தெரியாமல் கால் போன பக்கம் நடந்து மேலத்தெருவுக்கே வந்து சேர்ந்தார்.

புறவாசல் மொட்டையாகக் கிடந்தது. குழி குழியாக மண். கிழிந்த வேட்டி கிணற்றடியில் சுருண்டு கிடந்தது. மிதிபட்ட கற்பூரவல்லி கறுத்துவிட்டது. அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது.

"இருங்க. காப்பி கொண்டுவாரேன்."

"வேண்டாம்மா. எனக்கு அது வெறும் கசப்புத் தண்ணி."

அம்மா வற்புறுத்தவில்லை.

கோமதிநாயகம் பாத்தி இருந்த இடத்தின் ஓரமாகக் குந்தினார். ஒரு மண்கட்டியை எடுத்துக் கையில் வைத்து உடைத்தார். பழக்கத்தில் கை தானாக மூக்குப் பக்கம் போனது. பாதி வழியில் அதை நிறுத்தி, கீழே இறக்கினார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் அம்மா."

"ம்."

"நான் இங்க தோட்டம் போட வரல. வாசனை வரும்னுதான் வந்தேன். நீங்க ஏதோ வைத்தியம் செய்யுதீங்கன்னு நெனச்சேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல. நானா நெனச்சேன்."

கிணற்று ராட்டினத்தில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து போனது.

"இனி எனக்கு வாசனை வராதும்மா," என்றார். இதுவரை அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இல்லை, வரும் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஒரு கணம் இருந்தது.

"வராது போலத்தான் இருக்கு," என்றார் அம்மா.

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டில் யாரோ எதையோ தாளித்தார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும் மதிலைத் தாண்டி வந்தது.

அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினார். மல்லி விதை.

அவர் கை நீட்டவில்லை.

"வாசனையே தெரியாதவன் எதுக்கு அம்மா மல்லி விதைக்கணும்?"

"எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்களே அண்ணாச்சி," என்றார் அம்மா. "எனக்கு ரசத்துக்கு மல்லி இல்ல."